டூட்டிப் பங்கு

அந்த மிளாவைச் சுட்டது என் மச்சான். என் மனைவியின் சொந்த அண்ணன். தேயிலை ஃபாக்டரியில் கொழுந்தை உலர்த்தும் டிரையர் ஓட்டுகிறவர், யூனியனில் கன்வீனர், கோவில் திருவிழாவில் மைக் பிடிக்கிறவர். அவர் சுட்டார். ஜெயிலுக்கு நான் போனேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக, பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு வீட்டுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் பைப்படியில் என்னைக் கண்டதும் குடத்துக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், என் முகத்தைவிடத் தண்ணீரில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல. பேசாத அந்த வாய்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாட்டுப்பட்டி அணைக்கு மேலே எங்கள் எஸ்டேட். இங்கே மிளா என்றால் பெரிய மான், கிட்டத்தட்ட ஒரு மாடு உயரம் நிற்கும். விடிந்து கதவைத் திறந்தால் லயத்துக்குப் பின்னால் நாம் போட்ட பீன்ஸைத் தின்றுவிட்டு நம்மையே முறைக்கும். அதன்மேல் கை வைத்தால் கேஸ், ஜாமீன்கூடச் சுலபத்தில் கிடைக்காது என்பது பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். ஆனாலும் வருடத்துக்கு மூன்று நான்கு விழும். பசிக்குச் சுடுகிறோம் என்று பொய் சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசி வருகிறது. கோழிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை. ருசிக்கும் வீம்புக்கும்தான் சுடுகிறார்கள். ருசிக்கு நானும் தின்றிருக்கிறேன். நான் யோக்கியன் என்று எங்கேயும் சொல்லவில்லை.

வேட்டைக்கு முதலில் வேண்டியது துப்பாக்கி அல்ல, நேரம். அது எங்களிடம் கிடையாது. காலை ஏழரைக்குப் பெரட்டு, அதாவது ஆளை எண்ணி வேலை பிரித்து அனுப்புவது. அங்கே நிற்காவிட்டால் அன்றைக்கு வேலையும் இல்லை பெயரும் இல்லை. சாயங்காலம் வேலை விட்டு வருவதற்குள் மூடுபனி இறங்கிவிடும். எதிரே நிற்பது மிளாவா மாமியாரா என்று தெரியாது. மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. அதுதான் தோதான நாளும்கூட. அன்றைக்கு அணைப்பக்கம் வெளியூர் வண்டிகள் வரிசையாக வந்துவிடும். யானையோடு செல்ஃபி எடுக்கப் போகிறவனை இழுத்துப் பிடிக்கவும், புல்மேட்டில் காரை ஏற்றுகிறவனை விரட்டவும் ஃபாரஸ்ட் வாட்சர்கள் எல்லோரும் ரோட்டில்தான் நிற்பார்கள். காட்டுக்குள் ஆள் இருக்காது.

மலையில் வேலை செய்பவனுக்கு ஞாயிறு லீவு. ஃபாக்டரிக்காரனுக்கு அப்படி இல்லை. கொழுந்து நிறைய வரும் மாதங்களில் சனிக்கிழமை எடுத்த கொழுந்தை ஞாயிற்றுக்கிழமை தூளாக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். டிரையர் ஓட வேண்டும். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மச்சான். இன்னொருவன் நான். ஒரு ஞாயிறு அவர், மறு ஞாயிறு நான்.

என் ஞாயிறுகளில் மிளாவுக்கு ஆபத்தில்லை, ஏனென்றால் அந்த நாள்களில் மச்சான் சும்மா இருந்தாலும் அவருக்குக் கோவில், கமிட்டி, கல்யாணம் என்று ஏதாவது வந்துவிடும். அவருடைய டூட்டி ஞாயிற்றில்தான் எப்போதும் மிளா இறங்கும். எப்படி என்று நான் கேட்டதே இல்லை. இப்போது யோசித்தால் புரிகிறது. டூட்டியில் இருக்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

எங்கள் ஃபாக்டரியில் வருகை பதிய விரல் வைக்கும் மெஷின் வாங்கினார்கள். தேயிலைக் கறை ஏறி, விறகு தூக்கித் தேய்ந்துபோன எங்கள் விரலை அந்த மெஷின் மனித விரலாகவே ஒத்துக்கொள்ளவில்லை. அதை மூலையில் வைத்துவிட்டுப் பழைய தகர டோக்கனுக்கே திரும்பிவிட்டார்கள். ஆளுக்கொரு நம்பர். உள்ளே வரும்போது இடதுபக்கப் பலகையிலிருந்து எடுத்து வலதுபக்கப் பலகையில் மாட்ட வேண்டும். வலதுபக்கம் தொங்குகிறவன் வேலையில் இருக்கிறான். அவ்வளவுதான். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. மச்சானின் டோக்கனை நான் மாட்டினால் நான்தான் மச்சான்.

இதற்கு ஒரு கூலியும் உண்டு. மிளா விழுந்தால் அதைப் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. சுட்டவருக்குத் தலையும் ஒரு தொடையும். கூடப் போனவனுக்கு ஒரு பங்கு. நாய் போனால் நாய்க்கு ஒரு பங்கு, அதை நாய் வளர்ப்பவன் தின்பான். லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூறு. போகாத வீட்டுக்கும் உண்டு, ஏனென்றால் தின்றவன் காட்டிக்கொடுக்க மாட்டான். ஃபாக்டரியைக் கவனிக்கும் டீமேக்கருக்கு ஈரல். சுட்டவனுடைய வேலையை யார் பார்த்துக் கொடுக்கிறானோ அவனுக்கு இரண்டு பங்கு. அதற்கு டூட்டிப் பங்கு என்று பெயர். ஆறு வருடமாக அதை வாங்கித் தின்றவன் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை ஷிப்ட் மாறும்போது மச்சான் என்னை விறகு அடுக்குக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"மாப்ளே, நாளைக்கு ஒரு கை பாத்துக்கிடுதியா?"

"நாளைக்கு அன்பியச் செபம் நம்ம வீட்டுல மச்சான். ஒங்க தங்கச்சி கொன்னுருவா."

"செபம் சாயங்காலம்லா. ரெண்டு மணிக்கு நான் வந்து மாத்திவிட்டுருதேன்."

"போன தடவையும் ரெண்டு மணின்னுதான் சொன்னீங்க. வந்தது அஞ்சரை."

"மிளா என்ன கையில வாட்ச் கட்டிக்கிட்டா வருது?"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில்தான் நான் மாட்டினேன். அவரிடம் இந்தக் கெட்டிக்காரத்தனம் எப்போதும் உண்டு. சிரிக்க வைத்துவிட்டுத்தான் தலையில் சுமையை வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய டோக்கனை மாட்டினேன். என்னுடையது இடதுபக்கம் லீவில் தொங்கியது. டீமேக்கர் பார்த்தார், பார்க்காததுபோல மீட்டரைப் பார்த்தார். இரண்டு மணி ஆயிற்று. மச்சான் வரவில்லை. இரண்டரைக்கு டிரையருக்குச் சூடு கொடுக்கும் அடுப்பின் இரும்புக் கதவில் கொக்கி கழன்றது. விறகைத் தள்ளிக்கொண்டிருந்த நான் கதவு முகத்தில் விழாமல் வலது கையால் தடுத்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அந்த இரும்பில் ஒட்டியது. தோல் உரிந்துவரும் சத்தத்தை நான் கேட்டேன். மெஷின் இரைச்சலில் எப்படிக் கேட்டது என்று தெரியாது, கேட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக டீமேக்கரின் சீட்டு வேண்டும். அவர் எழுதிக்கொண்டே சொன்னார்.

"யார் டோக்கன் தொங்குதோ அந்த நம்பரத்தான் எழுத முடியும். ஒன் நம்பர எழுதினா, லீவுல இருக்கவன் அடுப்புல எப்படி வெந்தான்னு மேல கேப்பான்."

"எழுதுங்க சார். எரியுது."

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பவுண்டர் மட்டும் இருப்பார். அவர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எங்கள் ஒருவரையும் தெரியாது. சீட்டைப் பார்த்து நம்பரை எழுதினார். பெயர் கேட்டார். மச்சானின் பெயரைச் சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். என் மாமனாரின் பெயரைச் சொன்னேன். வயது கேட்டார். ஐந்து வருடம் கூட்டிச் சொன்னேன். "வயசு தெரியவே இல்லையே" என்றார், கட்டுப் போட்டுக்கொண்டே. என் வாழ்க்கையில் என் உடம்பைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரே பாராட்டு அது. அதுவும் மச்சான் கணக்கில் போய்விட்டது.

திரும்பிப் போய் ஒற்றைக் கையால் ஷிப்ட்டை முடித்தேன். ஐந்து மணிக்கு மச்சான் வந்தார். முன்பக்க வழியாக அல்ல, விறகுப் பக்கமாக. தோளில் கொழுந்துச் சாக்கு. முகமெல்லாம் சிரிப்பு.

"ஆம்பள மிளா. கொம்பு இவ்வளவு நீளம்டே. ஏய், கையில என்ன கட்டு?"

"அடுப்புக் கதவு. ஒங்க பேருல வெந்திருக்கேன் மச்சான். ஆஸ்பத்திரி புக்குல ஒங்களுக்குத்தான் காயம்."

"அப்ப வலி எனக்கா ஒனக்கா?"

அதற்கும் சிரித்தேன். எனக்குப் புத்தி இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

டூட்டிப் பங்கு என் வீட்டுக்குப் போயிற்று. மற்ற வீடுகளில் ஒரு கூறு என்றால் அன்றைக்கே குழம்பு வைத்து எலும்பை நாய்க்குப் போட்டுக் காரியத்தை முடித்துவிடுவார்கள். இரண்டு பங்கை ஒரே நாளில் தின்ன முடியாது. என் மனைவி மஞ்சளும் உப்பும் தேய்த்து, கயிற்றில் கோத்து, விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். ஆறு மணிக்கு அன்பியத்துக்காரர்கள், வீட்டுக்கு வீடு கூடிச் செபிக்கும் எங்கள் கோவில் கூட்டம், வந்து உட்கார்ந்தார்கள். செபமாலை சொல்லும்போது சமையல்கட்டிலிருந்து வாடை வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். மூக்கை யாரும் மூடவில்லை. அவரவர் வீட்டு அடுப்பிலும் அதுதான் வெந்துகொண்டிருந்தது. மச்சான்தான் கடைசிச் செபத்தை நடத்தினார். நல்ல குரல் அவருக்கு.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஃபாரஸ்ட் ஜீப் வந்தது.

யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. சதுப்பில் கிடந்த குடலையும் தோலையும் பார்த்துவிட்டு, நேராக ஃபாக்டரி ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த தகவல் ஒன்றே ஒன்று: சுட்டவன் டிரையர்காரன். தகவல் சரி. முழுக்கச் சரி. ஆனால் டிரையர்காரர்கள் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தில் மச்சான் டூட்டி, நான் லீவு. மச்சானின் வீட்டு வாசலைக்கூட அவர்கள் மிதிக்கவில்லை. ஐந்து பேராக என் வீட்டுக்குள் ஏறினார்கள். அடுப்புக்கு மேலே மாலைமாலையாக டூட்டிப் பங்கு தொங்கிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். நான் வேட்டைக்குப் போகவில்லை, வேலையில் இருந்தேன் என்பதற்காகக் கொடுத்த இறைச்சி அது. அதுதான் நான் வேட்டைக்குப் போனதற்குச் சாட்சியாகிவிட்டது.

வந்த அதிகாரிக்குப் பாதித் தமிழ் பாதி மலையாளம்.

"டிரையர் ஓட்டுன்னது ரெண்டு பேரு. ஒராள் டூட்டி. பின்னே ஆரு சுட்டது? நீயல்லே?"

"நான் போகல சார்."

"கையிலெந்தா?"

"அடுப்பு சுட்டுருச்சு சார்."

"ஏது அடுப்பு?"

வாசலில் லயமே கூடி நின்றது. பைப்பருகில் மச்சான். என்னைப் பார்த்தார். தலையை மெல்ல, ஈ விரட்டுவதுபோல, இடமும் வலமும் ஆட்டினார். ஃபாக்டரி அடுப்பு என்று நான் சொன்னால் லீவில் இருந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் மச்சான் வருவார். பிடிபட்டவன் வாயைத் திறக்கக் கூடாது, வெளியே இருக்கிறவன் அவன் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். இது எங்கள் ஆள்களுக்குள் இருக்கும் பேச்சு. யாரும் எழுதி வைத்ததில்லை. அதற்குக் கட்டுப்பட்டு, "வீட்டு அடுப்பு" என்றேன்.

அதிகாரி எங்கள் அடுப்பைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "இத்தற சின்ன அடுப்பு இவ்வளவு சுடுமோ?" என்றார். மகசரில், சோதனை போட்டதை எழுதும் தாளில், வெடிமருந்து பட்டு வெந்த காயம் என்று எழுதிவிட்டார். நாட்டுத் துப்பாக்கியின் மருந்து பின்னால் அடித்துக் கை வெந்ததாம். வலது கையால் பேனாவைப் பிடிக்க முடியாமல் இடது கையால் ஒப்பு, அதாவது கையெழுத்து, வைத்தேன். பதினான்கு நாள் ரிமாண்ட்.

மச்சான் ஒரு தடவை ஜெயிலுக்கு வந்தார். இரண்டு பாக்கெட் பிஸ்கட். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னார்.

"வாயத் தொறந்துராத மாப்ளே. நான் வெளிய இருந்தாத்தான் ஒனக்கு ஏதாவது செய்ய முடியும்."

நம்பினேன். யூனியன் கன்வீனர், பேசத் தெரிந்தவர், என் மனைவிக்கு அண்ணன். யாரை நம்ப வேண்டும் நான்?

ஜாமீனில் வந்த மறுநாள் கம்பெனி லெட்டர் வந்தது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கம்பெனி நிலத்தில் கள்ளத் துப்பாக்கியோடு வேட்டையாடியது குற்றம், விசாரணை உண்டு, குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதை வெளியூர்க்காரர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு வேலையும் வீடும் ஒன்றுதான். என் மனைவி எஸ்டேட் ஆள் இல்லை, ரிசார்ட்டில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். அந்த ஒற்றை அறையும் சமையல்கட்டும் என் டோக்கன் நம்பரில் இருக்கிறது. மலைக்குக் கீழே எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. என் தாத்தா புறப்பட்டு வந்த ஊரில் இன்று போய் நின்றால் நாய்தான் விசாரிக்கும்.

மச்சான் பேசுவார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். என்னைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். எங்கள் வளைவில் சிக்னலே கிடையாது.

பிறகு டீமேக்கரிடம் போனேன்.

"சார், அன்னைக்கு டிரையர்ல நின்னது நான்னு ஒங்களுக்குத் தெரியும்."

"எத்தனையோ ஞாயிறு. எனக்கு ஞாபகம் இல்லப்பா."

"ஈரல் ஞாபகம் இருக்கா சார்?"

முகம் செத்துவிட்டது. "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. ஆள் மாறி வேலை செஞ்சதா நீ சொன்னா அதுக்கும் ஆக்‌ஷன் உண்டு. எனக்கும் உண்டு" என்று உள்ளே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. மச்சானின் நம்பர், பெயர், என் மாமனார் பெயர், ஐந்து வருடம் கூட்டிய வயது, வலது கை தீக்காயம், மணி உட்பட. என் கட்டைப் பார்த்து, "இது நிங்கள் அல்லே அன்னு வந்தது?" என்றார். ஆமாம், அன்றைக்கு வந்தது நான்தான் என்றேன். பெயரை மாற்றி எழுதுங்கள் என்றேன். "ரெஜிஸ்டர் திருத்தான் பற்றில்ல சேட்டா" என்றார். புத்தகத்தைத் திருத்த முடியாதாம். நியாயம்தான். பொய்ப் பெயர் சொன்னவன் நான். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமே இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியவர் அந்த எஸ்டேட்டில் அவர் ஒருவர்தான்.

இதற்கு மேல் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாக யூனியன் ஒரு ஆளை அனுப்பலாம். என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகப் பேச யூனியன் யாரை அனுப்புகிறது தெரியுமா? என் மச்சானை. மிளாவைச் சுட்டவர், சுட்டதாகப் பழி சுமப்பவனுக்காகக் கருணை கேட்கப் போகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, முழுக்கை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருந்தது. பையிலிருந்து டைப் அடித்த ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். மலையாளத்தில் இருந்தது. அவரே படித்துச் சொன்னார். தவறு செய்துவிட்டேன், குடும்பக் கஷ்டத்தால் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

"இதுல ஒரு ஒப்பு வையி மாப்ளே. மத்தத நான் பேசிக்கிடுதேன். மேனேஜர் எளகுன மனுசன்."

"சுட்டது நான்னு நானே எழுதிக் கொடுக்கணுமா மச்சான்?"

"சுட்டன்னு எங்க இருக்கு? தவறுன்னுதான இருக்கு."

"வேல போயிருச்சுன்னா?"

"போகாது. போனாலும் நான் விட்டுருவனா?"

"வீடு?"

மச்சான் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். மேலே பார்த்தார். அடுப்புக்கு மேலே கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவு நேரமும் என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜெயிலில் இருந்தபோதும் வந்த பிறகும் அவள் ஒரு வார்த்தை அண்ணனைக் குறை சொன்னதில்லை. "பேசாம இருங்க, அவன் பாத்துக்கிடுவான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள்மேலும் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. அன்றைக்கு முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போய் என் காயத்துக்குப் போடும் களிம்பை எடுத்துவந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கையக் காட்டு."

"எதுக்கு புள்ள?"

"வலது கையி. அன்னைக்கு ஒனக்கு வெந்துச்சுல்லா? ஆஸ்பத்திரி புக்குல இருக்காம். சட்டைய மடக்கு, மருந்து போடுதேன்."

மச்சான் சிரிக்கப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"நீயுமா புள்ள? நான் ஒத்துக்கிட்டா எனக்கும் கேஸு, அவனுக்கும் கேஸு. ரெண்டு பேருக்கும் வேல போவும். ஒரு வீடு போறது நல்லதா, ரெண்டு வீடு போறது நல்லதா? நீயே சொல்லு."

"ஒரு வீடுதான் போவணும்னா அது ஏண்ணே என் வீடா இருக்கணும்?"

அவர் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மணிக்கட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். ஏதோ அவள் பாய்ந்து கிழித்துவிடுவாள் என்பதுபோல. அப்படியே எழுந்தார். காகிதத்தை மேசைமேல் விட்டுவிட்டு, "ஒப்பு வச்சு அனுப்பு" என்று வாசலைத் தாண்டும்போது சொன்னார். அந்தக் காகிதத்தை அவள் அடுப்பில் போட்டாள். களிம்பை மூடி உள்ளே வைத்தாள். அதன் பிறகு முறத்தை எடுத்து, புடைத்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள். போனது அவளுடைய அண்ணன். எனக்கு அது தெரியாமல் இல்லை.

நான் என்ன செய்யப் போகிறேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், யாரும் ஒளித்துச் செய்தான் என்று சொல்லக் கூடாது. வியாழக்கிழமை விசாரணை. ஆறு வருடமாக ஆள் மாறி வேலை செய்தேன் என்று சொல்வேன். பொய்ப் பெயரில் மருந்து போட்டேன் என்று சொல்வேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுக்கட்டும். வீட்டில் மிளா இறைச்சி வைத்திருந்தேன், அது குற்றம், அதற்குக் கோர்ட்டில் நிற்பேன். தின்றதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் சுடாத மிளாவுக்காக என் வீட்டை விட மாட்டேன். யூனியன் அனுப்பும் துணையாள் எனக்கு வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காட்டிக்கொடுக்கிறான் என்று லயத்தில் பேச்சு கிளம்பியிருக்கிறது. பேசட்டும். பிடிபட்டவன் வாயை மூட வேண்டும் என்ற பேச்சுக்கு இன்னொரு பாதியும் உண்டு, வெளியே இருக்கிறவன் அவன் குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்பது. என் பாதியை நான் பதினான்கு நாள் கம்பிக்குள் செய்து முடித்தேன். இன்னொரு பாதி இரண்டு பாக்கெட் பிஸ்கட்தானா? கூறு வாங்கித் தின்ற பதினொரு வீட்டுக்காரர்களும் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்களா?

மச்சான், இனி உங்களிடம்.

வீட்டுக்குள் கேட்டால் பதில் வராது என்று பார்த்துவிட்டேன். அதனால் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். விசாரணைக்கு முந்தின நாள், புதன்கிழமை காலை ஏழரைக்குப் பெரட்டுக்களத்தில் மொத்த எஸ்டேட்டும் நிற்கும். நீங்கள் வழக்கமாக யூனியன் விஷயம் பேச ஏறும் அதே கல்லில் ஏறுங்கள். நானும் வருவேன். என் சட்டைக் கையை நான் மடக்குகிறேன். நீங்களும் மடக்குங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு டிரையர் அடுப்பில் வெந்தது உங்கள் கை என்று புத்தகம் சொல்கிறது. எங்கே அந்தத் தழும்பு? காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள், உங்கள் கையில் என்ன இருந்தது என்று அத்தனை பேர் கேட்க வாயைத் திறந்து சொல்லுங்கள்.